2,38,000 கிலோமீட்டர் ஓடுன பிக்கப், வாங்கலாமா வேணாமா?

கோட்டையூர்_பாத்திரக்கடை:

எல்லாருக்கும் வணக்கம். கோட்டையூர்ல வாடகைப் பாத்திரக்கடை வச்சிருக்கேன். அண்டா, தேக்சா, இட்லி கொப்பரைல ஆரம்பிச்சு சேர், டேபிள், ஜமுக்காளம் வரைக்கும் விசேஷ வீட்டுக்கு எறக்கி மறுநாள் எண்ணி எடுத்துட்டு வர்ற தொழில். சொந்த வண்டி கிடையாது, இதுநாள் வரைக்கும் வாடகை வண்டிதான்.

போன வைகாசில கானாடுகாத்தான்ல ஒரு சாந்தி கல்யாணம், சாயங்காலம் நாலு மணிக்கு வர்றேன்னு சொன்ன வண்டி ராத்திரி 11 மணிக்கு வந்துச்சு, முகூர்த்த நாளு, அவரு நாலு எடத்துல லோடு ஒத்துக்கிட்டாரு. சமையல்காரர் அடுப்புக்கு விறக அடுக்கி வச்சிட்டு நாலாங்கட்டுல வெறும் கைய வச்சிட்டு உக்காந்திருந்தாரு, அந்த வீட்டு ஆச்சி என்னய ஒரு வார்த்தை கூட திட்டல, "ஏன்ப்பா, பாத்திரம் மறுவீட்டுக்கா வருது"ன்னு மட்டும் கேட்டாங்க. அதுக்கு திட்டியே இருக்கலாம்.

அன்னைல இருந்து சொந்த வண்டி எடுக்கணும்னு ஒரே குறியா இருக்கேன். இப்ப காரைக்குடில புரோக்கர் ஒருத்தர் மூலமா ஒரு பொலேரோ பிக்கப் வந்திருக்கு. 2017 மாடல், டிஎன் 65 நம்பர், ரெண்டாவது ஓனர், மீட்டர் 2,38,000 காட்டுது. சொல்ற விலை 4,30,000. இஞ்சின் இன்னும் கழட்டவே இல்ல, கம்பெனி சீல் அப்படியே இருக்குங்குறாரு. புதுசா பெயின்ட் அடிச்சு பாக்க ஜோரா இருக்கு, பின்னாடி டயர் ரெண்டும் நல்லா இருக்கு.

மச்சினன் என்னடான்னா ரெண்டு லட்சம் தாண்டுன டீசல் வண்டிய வாங்குறது காசு குடுத்து நோய வாங்குறதுங்குறான். வீட்ல புதுசே எடுங்க, மாசத் தவணைல கட்டிக்கலாம்குறாங்க. எனக்கு இஞ்சின பத்தி டீசல் ஊத்துனா ஓடும்ங்குற அளவுக்குத்தான் தெரியும். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்கண்ணே.

---

பழைய_பெட்ஃபோர்டு:

தம்பி, முப்பது வருஷம் பட்டறைல இருந்தவன், இப்ப மகன் பாத்துக்குறான், எனக்கு பொழுது போகல அதனால நீளமா எழுதுறேன் பொறுத்துக்கங்க.

மொதல்ல அந்த 2,38,000 கண்டு பயப்படாதீங்க. லோடு வண்டி ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டர் ஓடுறது சாதாரணம், அப்படி பாத்தா வருஷம் 30,000, எட்டு வருஷத்துக்கு சரியா இந்தக் கணக்குதான் வருது. அதே 2017 மாடல்ல மீட்டர் 85,000 காட்டுச்சுன்னா அதப் பாத்துதான் பயப்படணும், ஏன்னா மீட்டர எறக்குறது இப்பல்லாம் அரை மணி நேர வேலை. நம்பிக்கை வரணும்னா சேஸ் நம்பர வச்சு கம்பெனி சர்வீஸ் சென்டர்ல கேளுங்க, அங்க சர்வீஸ் விட்ட வரைக்கும் எந்த தேதில எத்தனை கிலோமீட்டர்னு பதிவு இருக்கும். அதோட பிரேக் பெடல் ரப்பர், ஸ்டியரிங், டிரைவர் சீட்டு ஓரம் மூணையும் பாருங்க, மீட்டர் பொய் சொல்லும், பெடல் ரப்பருக்கு பொய் சொல்லத் தெரியாது.

இப்ப இஞ்சின். முன்கூட்டி சொல்லாம காலைல போங்க. போனதும் பானட்ட தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிட்டாங்கன்னு அர்த்தம், டீ குடிச்சிட்டு வந்துருங்க, இன்னொரு நாள் பாத்துக்கலாம். ஜில்லுன்னு இருந்தா ஒரே சாவில பிடிக்குதான்னு பாருங்க. புகை நீலமா வந்து நிக்காம ஓடுச்சுன்னா ஆயில் எரியுது. வெள்ளையா வந்து சூடானதும் நின்னுட்டா பரவால்ல, சூடான பிறகும் வெள்ளையா வந்து ரேடியேட்டர்ல தண்ணி கொறைஞ்சுட்டே இருந்தா ஹெட் கேஸ்கெட், அதான் இஞ்சின் தலைக்கு அடில இருக்குற அடைப்பு, போயிருச்சு. கருப்பா வந்தா இஞ்செக்டர், டர்போ, ஏர் ஃபில்டர்னு ஒரு ஊரு வேலை இருக்கு, ஃபில்டரா இருந்தா நூத்துக்கணக்குல போகும் இஞ்செக்டரா இருந்தா ஆயிரக்கணக்குல போகும்.

அப்புறம் இஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊத்துற மூடிய திறந்து அப்படியே வாய் மேல கவுத்து வைங்க. மெதுவா ஆடுனா சரி. எகிறி விழுந்து சோறு வடிக்கிற பானைல ஆவி வர்ற மாதிரி குபுகுபுன்னு புகை வந்துச்சுன்னா பேக் கம்ப்ரஷன், போரும் பிஸ்டன் ரிங்கும் தேஞ்சு போச்சு, ஓவராயிலுக்கு, அதான் இஞ்சின மொத்தமா பிரிச்சு சேக்குறதுக்கு, ஒரு லட்சம் தனியா எடுத்து வச்சிட்டு விலைய பேசுங்க. அந்த மூடிக்கு உள்பக்கம் டிகாஷன்ல பால் கலந்த நெறத்துல கொழகொழன்னு ஒட்டிருந்தா ஆயில்ல தண்ணி கலந்திருக்கு, விலையே பேசாதீங்க.

பின்னாடி டயர் நல்லா இருக்குன்னு சொன்னீங்க. பக்கவாட்டுல முட்டை மாதிரி ஒரு வட்டத்துக்குள்ள நாலு நம்பர் இருக்கும், 2319ன்னு இருந்தா 2019ல 23வது வாரம் செஞ்ச டயருன்னு அர்த்தம். ரோட்டுல படுற பட்டன் தேயாம நல்லா இருக்குறதும் ரப்பர் நல்லா இருக்குறதும் வேற வேற.

இன்னும் சேஸ், அதான் வண்டிய தாங்குற அடிச்சட்டம், அது பத்தி சொல்லல. அது இருக்குறதுலயே முக்கியம், அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க, அந்த வண்டி இதுவரைக்கும் என்ன லோடு அடிச்சுச்சு?

---

வைரவன்பட்டி_ரைடர்:

புதுசு எடுத்துட்டு நிம்மதியா தூங்குங்கண்ணே. 2025 செப்டம்பர் 22ல இருந்து லோடு வண்டிக்கு ஜிஎஸ்டி 28லருந்து 18க்கு எறங்கியாச்சு. பழசு விக்கிறவங்க இன்னும் பழைய ரேட்டையே சொல்லிட்டு திரியுறாங்க.

---

கணக்குப்புள்ள:

மேல தம்பி சொன்ன ஜிஎஸ்டி விஷயம் சரி, புது வண்டி விலை எறங்குனா பழசும் எறங்கித்தான் ஆகணும், அத வச்சே புரோக்கர்கிட்ட பேசலாம். ஆனா இஞ்சின் புகை எல்லாம் அப்புறம், வண்டி எடுத்தா கட்டுபடியாகுமான்னு யாரும் கேக்கல. வருஷத்துக்கு வாடகை வண்டிக்கு எவ்வளவு குடுக்குறீங்க? நடைக்கு எவ்வளவு தூரம்? தோராயமா சொல்லாம பேரேட்ட பாத்து சொல்லுங்க.

---

கோட்டையூர்_பாத்திரக்கடை:

நோட்ட எடுத்துப் பாத்தேங்கண்ணே. சீசன் மாசம் ஆறு, மாசம் 24,000 கிட்ட போகுது. ஆடி, புரட்டாசி, மார்கழி மாதிரி டல் மாசத்துல கிரகப்பிரவேசம் கூட வராது, காதுகுத்து கருமாதின்னு எப்பயாவது வரும், எல்லாம் சேத்து அந்த ஆறு மாசத்துக்கு சராசரி 6,000. நடைக்கு 1,200. தூரம்னு பாத்தா பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல், மிஞ்சிப் போனா தேவகோட்டை, போக வர 40 கிலோமீட்டர்னு வச்சுக்கலாம்.

பெட்ஃபோர்டு அண்ணே, என்ன லோடு அடிச்சதுன்னு புரோக்கர கேட்டேன், "எல்லாம் அடிச்சது"ன்னாரு.

---

கணக்குப்புள்ள:

அப்ப வருஷ வாடகை 1,44,000மும் 36,000மும், ஆக 1,80,000. நடை 150. ஓட்டம் 6,000 கிலோமீட்டர்.

இப்ப சொந்த வண்டி. லிட்டருக்கு 12 குடுத்தா 500 லிட்டர் டீசல், 93 ரூவா போட்டா 46,500. டிரைவர் நடைக்கு 400, அது 60,000. இன்சூரன்ஸ் தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டாலே 20,000 கிட்ட. எட்டு வருஷம் தாண்டுன லோடு வண்டிக்கு எஃப்சி, அதான் வண்டி ஓடத் தகுதின்னு வாங்குற சான்று, வருஷா வருஷம், அதுக்கு முன்னாடி தகர வேலை, பெயின்ட், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர்னு டாக்ஸோட சேத்து 20,000. ஆயில், டயர் தேய்மானம், சில்லறை ரிப்பேர் 35,000. கூட்டுங்க, 1,81,500.

அதாவது வண்டிக்கு முதல் போடுறதுக்கு முன்னாடியே வாடகைக்கு சமமா வந்துருச்சு. இதுல 4 லட்சத்த ஒன்றரை வட்டிக்கு வாங்குனீங்கன்னா வருஷம் 72,000 வட்டி. வீட்டு நகைய பேங்க்ல வச்சீங்கன்னா அதுல பாதி. புது வண்டின்னா இந்த 6,000 கிலோமீட்டருக்கு பத்து லட்சத்துக்கு மேல முடங்கும், கடைல பாதி நாள் நின்னுட்டே தவணை கேக்கும். அதனால புதுசுங்குற பேச்சுக்கே எடமில்ல, வீட்ல மன்னிக்கணும்.

நான் வேணாம்னு சொல்லல. லாபத்துக்கு வாங்குறேன்னு நெனச்சு வாங்காதீங்கன்னுதான் சொல்றேன்.

---

கோட்டையூர்_பாத்திரக்கடை:

கணக்குப்புள்ள அண்ணே, படிச்சிட்டு ஒரு அரை மணி நேரம் கடை வாசல்ல சும்மா உக்காந்துட்டேன். நான் மாசம் 24,000 மிச்சம்னுல்ல நெனச்சிட்டு இருந்தேன்.

ஆனா ரெண்டு விஷயம். தம்பி ஓட்டுவான், கடைலதான் இருக்கான், அதனால அந்த 60,000 வெளிய போகாது. ரெண்டாவது, அந்த கானாடுகாத்தான் வீட்டுக்கு அப்புறம் அந்த தெருவுல இருந்து மூணு ஆர்டர் வேற கடைக்கு போயிருச்சு, அத எந்தக் கணக்குல எழுதுறது? முகூர்த்த நாள்ல வண்டி கைல இருந்தா போதும்ணே எனக்கு. நகைய வைக்கலாம், ஆனா 4,30,000 முடியாது, 3,50,000 வரைக்கும் போவேன்.

தம்பிகிட்ட சாதா கார் லைசென்ஸ்தான் இருக்கு, சரக்கு வண்டி ஓட்டுறதுக்கான பேட்ஜ் கிடையாது. அதுக்கு என்ன பண்றது?

---

எல்எம்வி_63:

பேட்ஜ் கவலைய விடுங்க. எல்எம்வி லைசென்ஸ், அதான் தம்பி வச்சிருக்குற சாதா கார் லைசென்ஸ், இருந்தா மொத்த எடை 7,500 கிலோவுக்குள்ள இருக்குற சரக்கு வண்டிய ஓட்டலாம்னு 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் அஞ்சு நீதிபதி பெஞ்சே சொல்லியாச்சு. லைசென்ஸ் காலாவதி ஆகாம இருக்கான்னு மட்டும் பாத்துக்கங்க.

பேப்பர் பத்தி யாரும் பேசல அதனால சொல்றேன். எம்பரிவாஹன் ஆப்ல நம்பர போட்டாலே எஃப்சி, இன்சூரன்ஸ், டாக்ஸ் எது வரைக்கும்னு வந்துரும், ஃபைனான்ஸ் நிக்குதான்னும் தெரியும். ஃபைனான்ஸ் இருந்தா கடன முடிச்சதுக்கு என்ஓசியும் 35ம் நம்பர் ஃபாரமும் கைக்கு வராம ஒரு ரூவா அட்வான்ஸ் குடுக்காதீங்க. இ-சலான் அபராதப் பாக்கி எவ்வளவுன்னு தனியா பாருங்க, லோடு வண்டில அது சில சமயம் டயர் விலைக்கு நிக்கும். ஆர்சில மொத்த எடை 3,000 கிலோவுக்குள்ள இருந்தா பெர்மிட் வேண்டாம், அதுக்கு மேலன்னா வேணும், அந்தப் பேப்பரையும் கேளுங்க.

பேர் மாத்துற 29, 30 ஃபாரத்துல கையெழுத்து வாங்கி வச்சிட்டு "அப்புறமா மாத்திக்கலாம்"னு புரோக்கர் சொல்லுவாரு, ஒத்துக்காதீங்க. இந்த வண்டியே அப்படி நடுவுல ரெண்டு கை மாறி ஆர்சில ஒரு பேரோட நிக்கலாம். ஆர்சில யாரு பேரு இருக்கோ அவங்கதான் ஓனர்னு 2018லயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு, அதனால விக்கிறவருக்கும் பேர் மாத்துறதுதான் நல்லது, இத சொன்னா அவரே வருவாரு. பேர் மாறுன 14 நாளைக்குள்ள இன்சூரன்ஸையும் மாத்திருங்க.

இன்னொன்னு, இத கோவமாவே சொல்றேன். உங்க தொழில்ல பரிமாறுற பசங்கள அண்டா மேல உக்கார வச்சு கூட்டிட்டு போறத தெனம் பாக்குறேன். சரக்கு வண்டில பின்னாடி ஏறுன ஆளுக்கு அடிபட்டா இன்சூரன்ஸ்ல ஒண்ணும் வராது, ஓனர் கைலருந்து போகும். பசங்கள பஸ்ல விடுங்க.

---

பழைய_பெட்ஃபோர்டு:

எல்எம்வி தம்பி சொன்னது நூத்துக்கு நூறு.

பாத்திரக்கடை தம்பி, "எல்லாம் அடிச்சது"ன்னு புரோக்கர் சொன்னா சொல்ல விரும்பாத ஒண்ண அடிச்சதுன்னு அர்த்தம். நீங்க டிஎன் 65ன்னு எழுதிருந்தீங்க, அத அப்பவே பாத்தேன். ராமநாதபுரம் மாவட்டம். பரமக்குடி பக்கம் மிளகா மூட்டை அடிச்ச வண்டின்னா கண்ண மூடிட்டு எடுக்கலாம், மூட்டை லேசு. அதுவே தொண்டி, பாம்பன் பக்கம் மீன் வண்டியா இருந்தா கதை வேற. ஐஸ் உருகி உப்புத்தண்ணி பாடில இருந்து சொட்டிக்கிட்டே நூறு கிலோமீட்டர் வரும், வருஷக்கணக்கா. அந்தத் தண்ணி சேஸுக்கு உள்ள எறங்கி உள்ள இருந்து அரிக்கும். வெளில பெயின்ட் பளபளன்னு இருக்கும். இஞ்சின் போனா ஒரு லட்சத்துல திரும்ப வாங்கிரலாம், சேஸ் போனா வண்டியே போச்சு.

போகும்போது ஒரு சின்ன சுத்தியலும் ஒரு பாட்டில் தண்ணியும் ஒரு டார்ச்சும் எடுத்துட்டு போங்க. கீழ படுத்து பின் பட்டை, அதான் லோட தாங்குற பட்டை ஸ்பிரிங், மாட்டிருக்குற எடம், பட்டை நுனிய சேஸோட கோக்குற ஷேக்கிள், குறுக்குச் சட்டம் எல்லாத்தையும் மெதுவா தட்டுங்க. டங்குன்னு மணி மாதிரி கேக்கணும். டொப்புன்னு கேட்டா, தகடு தகடா உதிர்ந்தா எந்திரிச்சு வந்துருங்க. புது வெல்டிங் தெரிஞ்சாலும் அதே கதைதான். தண்ணி எதுக்குன்னா பாடி மூலைல, பின் கதவு கீல் பக்கம் ஊத்தி ரெண்டு நிமிஷம் கழிச்சு மோந்து பாருங்க. பெயின்ட்டுக்கு மீன் வாடைய மறைக்கத் தெரியாது.

புரோக்கர் கூட இருக்கும்போதே செய்யுங்க. வேணாம் வேணாம்னு பதறுனாருன்னா அதுவே பாதி பதில்.

---

கோட்டையூர்_பாத்திரக்கடை:

இன்னைக்கு காலைல தம்பிய கூட்டிட்டு போயிட்டு வந்தேன். வரிசையா சொல்றேன்.

பானட் ஜில்லுன்னு இருந்துச்சு. ஒரே சாவில பிடிச்சிச்சு, வெள்ளைப் புகை ஒரு நிமிஷம், அப்புறம் சுத்தம். ஆயில் மூடிய கவுத்து வச்சோம், சும்மா லேசா ஆடிட்டு நின்னுச்சு. புரோக்கர் என்னய பாத்து "பாத்தீங்களா, பாத்தீங்களா"ன்னாரு. எனக்கும் மனசு எறங்கிருச்சு, உண்மைய சொல்லணும்னா பைல அட்வான்ஸுக்கு 10,000 வச்சிட்டுத்தான் போயிருந்தேன். பின் டயர் நம்பர் 1418. ஏழு வருஷத்துக்கு மேல ஆன டயரு, கருப்பு பாலிஷ் போட்டு வச்சிருக்காங்க.

அப்புறம் தம்பி சட்டைய கழட்டிட்டு கீழ எறங்குனான். முன்னாடி பக்கம் டங்கு டங்குன்னு கேட்டுச்சு. பின் பட்டைக்கு மேல தட்டுனதும் சத்தமே வரல, ஒரு உள்ளங்கை அளவுக்கு பெயின்ட்டோட சேந்து துரு அப்பளம் மாதிரி பேந்து அவன் மூஞ்சிலயே விழுந்துச்சு. புரோக்கர் "அது மேல் துரு தம்பி, கிரீஸ் அடிச்சா போயிரும்"ன்னாரு. நான் ஒண்ணும் பேசாம பின்கதவ தொறந்து மூலைல பாட்டில் தண்ணிய ஊத்துனேன். மோந்து பாக்க வேண்டிய அவசியமே இல்லண்ணே, நின்ன எடத்துக்கே வந்துச்சு. பக்கத்துல கட்டிருந்த பூனை, இல்ல கட்டல, சும்மா படுத்திருந்த பூனை எந்திரிச்சு வந்துருச்சு, சத்தியமா.

கல்யாண வீட்டு சைவ பாத்திரத்த அந்த வண்டில ஏத்திட்டு போய் நிப்பாட்டுனா ஆச்சிமாரு வண்டிய வாசப்படி பக்கமே விட மாட்டாங்க. புரோக்கர் 3,60,000க்கு எறங்கி வந்தாரு. வேணாம்ணே நன்றின்னு சொல்லிட்டு வந்துட்டோம். இஞ்சின் மட்டும் தங்கம் மாதிரி இருந்துச்சு, அதுதான் வயித்தெரிச்சல்.

---

கணக்குப்புள்ள:

10,000 மிச்சம். பேரேட்டுல வரவு வைங்க.

---

புதுவயல்_ரைஸ்மில்:

இவ்வளவு நேரம் படிச்சிட்டு மட்டும் இருந்தேன். எங்க சித்தப்பா மில்லுல ஒரு பிக்கப் நிக்குது, 2018 மாடல், டிஎன் 63, ஒரே ஓனர், பொங்கல் முடிஞ்சதும் குடுத்துட்டு பெரிய வண்டி எடுக்கப் போறாரு. மறைக்காம சொல்றேன், 3,10,000 கிலோமீட்டர் ஓடிருக்கு. அடிச்சதெல்லாம் அரிசி, தவிடுதான், ஆனா அரிசி மூட்டைய கணக்கில்லாம ஏத்துனதுல பின் பட்டை ரெண்டு பக்கமும் உக்காந்துருச்சு, மாத்தணும். போன வருஷம் கிளட்ச் மாத்துன பில் இருக்கு. இஞ்சின் 2,40,000ல கழட்டி ரிங் மாத்துனது, அதுக்கும் பில் இருக்கு. விலை சித்தப்பாகிட்ட நேர்ல பேசிக்கங்க, அவரு பேசுறதுல கெட்டி.

---

பழைய_பெட்ஃபோர்டு:

பட்டை உக்காந்தத வாங்க வர்றவன்கிட்ட மொதல்லயே சொல்ற ஆளு கிடைக்கிறது கஷ்டம். உங்க பாத்திரம் எடத்த அடைக்குமே தவிர எடை வராது, நாலு பட்டை மாத்துனா போதும். சேஸுல பட்டை மாட்டுற பிராக்கெட் விரிசல் விட்டுருக்கான்னு மட்டும் டார்ச் அடிச்சு பாருங்க, அதிகமா ஏத்துன வண்டில அங்கதான் விடும். நானும் வர்றேன், புதுவயலுக்கு போயி ரொம்ப நாளாச்சு.

---

கோட்டையூர்_பாத்திரக்கடை:

அண்ணே நீங்க வந்தா கோடிப் புண்ணியம், கோட்டையூர் ஸ்டாப்ல எறங்குங்க, தம்பி பைக்ல வந்து கூட்டிக்குவான். மில்லுக்கார தம்பி, ஞாயித்துக்கிழமை காலைல 6 மணிக்கெல்லாம் வரலாமா? பானட் ஜில்லுன்னு இருக்கணும்.

---

புதுவயல்_ரைஸ்மில்:

வாங்க. சனிக்கிழமை ராத்திரியே சாவிய நான் வாங்கி வச்சிக்கிறேன், இல்லன்னா சித்தப்பா அஞ்சு மணிக்கே எடுத்துட்டு டீக்கடைக்கு போயிருவாரு.